ஹேண்டிகேப் பாய்மரப் படகுப் போட்டியில் சமநிலை: புள்ளி போடுபவருக்கு முழுமையான வழிகாட்டி

பாய்மரப் படகுப் போட்டியில் சமநிலை இரண்டு வகைப்படும். ஒரே ஓட்டத்தில் இரண்டு படகுகள் ஒரே இடத்தைப் பிடிப்பது முதல் வகை. பல ஓட்டங்கள் முடிந்து கூட்டிப் பார்க்கும்போது மொத்தப் புள்ளி ஒன்றாக இருப்பது இரண்டாம் வகை. முதலாவதை உடைக்கக் கூடாது, பங்கிட வேண்டும். இரண்டாவதைப் பங்கிடக் கூடாது, உடைத்தாக வேண்டும். கரையேறியதும் எழும் சச்சரவுகள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதால் வருகின்றன.

இந்த வழிகாட்டி மலைமேல் இருப்பவர்களை மனத்தில் வைத்து எழுதியது. சென்னையில் 1911 முதல் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் இதற்கென்றே பழகிய ஆட்கள் இருப்பார்கள். கோடைக்கானலில் நாலைந்து பேர் ஆளுக்கொரு வகைப் படகோடு சேர்ந்து போட்டி வைத்தால், புள்ளி போடும் வேலை யாராவது ஒரு கணக்கு வாத்தியார் தலையில்தான் விழும். அவருக்குத்தான் இது. ஏரியில் ஏற்கெனவே மிதிபடகுகளும் துடுப்புப் படகுகளும் சுற்றிக்கொண்டிருப்பதால் அனுமதி, மீட்புப் படகு, உயிர்காப்பு அங்கி எல்லாம் தனிக் கதை. அவை முடிந்துவிட்டதாக வைத்துக்கொண்டு கணக்குக்கு வருவோம்.

மலை ஏரியில் சமநிலை ஏன் அடிக்கடி வரும்

எல்லோரும் ஒரே வகைப் படகு ஓட்டினால் முதலில் வந்தவர் முதல்வர். ஒலிம்பிக்கில் நேத்ரா குமணனும் விஷ்ணு சரவணனும் ஓட்டியது அப்படிப்பட்ட போட்டி. ஆளுக்கொரு வகைப் படகு என்றால் அது நியாயமாகாது. ஆகவே ஒவ்வொரு வகைக்கும் ஒரு எண் தரப்படுகிறது. இதுதான் ஹேண்டிகேப் முறை. பிரிட்டனின் போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக் முறையில் 1000 அடிப்படை எண். வேகமான படகுக்கு எண் குறைவு, மெதுவான படகுக்கு அதிகம். ஓடிய நேரத்தை நொடியாக்கி, 1000 ஆல் பெருக்கி, படகின் எண்ணால் வகுத்தால் திருத்திய நேரம் கிடைக்கும். யாருடைய திருத்திய நேரம் குறைவோ அவருக்கே முதலிடம்.

இனி ஏரியைப் பாருங்கள். 1863 இல் மதுரை கலெக்டர் வேர் ஹென்றி லெவிஞ்ச் உருவாக்கிய கோடை ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். அதுவும் நட்சத்திரம் போலக் கிளை கிளையாகப் பிரிந்து கிடக்கிறது. நேராக நீளமாக ஓட இடமில்லை. ஓட்டம் அரை மணி நேரத்தைத் தாண்டினாலே பெரிது. இரண்டு படகுகளுக்கிடையே ஒரு சதவீத வேக வித்தியாசம் இருக்கிறது என்று வையுங்கள். இரண்டு மணி நேர ஓட்டத்தில் அது 72 நொடி இடைவெளியாகும். 25 நிமிட ஓட்டத்தில் வெறும் 15 நொடி. இடைவெளிகள் சுருங்கச் சுருங்க, நொடியை முழுமையாக்கும் கணக்கு, அதாவது தசமத்தை அருகிலுள்ள முழு எண்ணாக்குவது, தன் வேலையைக் காட்டத் தொடங்கும்.

காற்றும் ஒரு காரணம். 2,100 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல்மட்டத்தைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைவு. அதே வேகத்தில் வீசினாலும் பாயைத் தள்ளும் விசை அந்த அளவுக்குக் குறையும். யார்ட்ஸ்டிக் எண்கள் பிரிட்டன் கிளப்புகள் அனுப்பும் முடிவுகளிலிருந்து பிறந்தவை. நம் ஏரிக்கு அச்சாகப் பொருந்தும் என்று எதிர்பார்க்க வேண்டாம். ஆனாலும் தொடர் நடுவில் எண்ணைத் திருத்தாதீர்கள். அதைவிடப் பெரிய அநியாயம் கிடையாது.

முதல் வேலை: தாளில் எழுதுவது

சமநிலை வந்த பிறகு யோசிப்பது தாமதம். 2019 கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதியாட்டம் சூப்பர் ஓவரிலும் சமனாகி, பவுண்டரிகளை எண்ணி இங்கிலாந்துக்குக் கோப்பை தரப்பட்டது. ஊரே திட்டியது. ஆனால் அந்த விதி ஆட்டத்துக்கு முன்பே எழுத்தில் இருந்ததால் முடிவு நின்றது. விதி நல்லதா என்பது வேறு வழக்கு. எழுதப்பட்டிருந்ததா என்பதுதான் புள்ளி போடுபவரின் வழக்கு.

படகோட்டிகளுக்குக் கொடுக்கும் போட்டி அறிவுறுத்தல் தாளில் இவை இருக்கட்டும்: வேர்ல்டு செய்லிங் அமைப்பின் 2025–2028 பந்தய விதிகள் பொருந்தும் என்பது, ஒவ்வொரு படகின் எண், திருத்திய நேரத்தை எந்த அளவுக்கு முழுமையாக்குவது, எத்தனை ஓட்டங்கள், எத்தனை ஓடினால் தொடர் செல்லும், எத்தனை மோசமான ஓட்டங்களைக் கழிப்பது. கழிவு பற்றி எதுவும் எழுதாவிட்டால் விதிப்படி ஒன்று கழியும். புள்ளி முறை அந்த விதிப் புத்தகத்தின் ஏ பின்னிணைப்பில் இருக்கிறது. முதலிடத்துக்கு 1, இரண்டாமிடத்துக்கு 2 என்று போகும். குறைவாக வாங்கியவரே வென்றவர். சமநிலை விதி உங்களுக்குப் பிடிக்கவில்லையென்றால் மாற்றலாம். ஆனால் எந்த விதியை எப்படி மாற்றுகிறோம் என்று விதி எண்ணோடு முன்கூட்டியே எழுத வேண்டும். படகுத்துறையில் நின்று மாற்ற முடியாது.

நேரம் எடுப்பது

முடிவுக்கோட்டில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் கோட்டை மட்டும் பார்க்கிறவர். படகின் முகப்பு கோட்டைத் தொட்டதும் பாய் எண்ணைச் சொல்லிக் குரல் கொடுப்பார். மற்றவர் கடிகாரத்தைப் பார்த்து எழுதுவார். ஒருவரே இரண்டையும் செய்தால் கண் கடிகாரத்துக்குப் போய்வரும் இடைவெளியில் ஒன்றிரண்டு நொடி கரைந்துபோகும். சமநிலையைத் தீர்மானிக்கிற நொடிகள் அவைதாம்.

2021 முதல் படகின் உடற்பகுதி கோட்டைக் கடப்பதுதான் முடிவு. முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் கழியோ எட்டிச் சாய்ந்த ஆளின் கையோ கணக்கில்லை. பழைய விதியில் பழகியவர்கள் இதில் தடுமாறுவார்கள்.

மூடுபனி இறங்கினால் எதிர்க்கரை ஐந்து நிமிடத்தில் காணாமல் போகும் என்பது கோடைக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அதனால் கோட்டைக் குட்டையாகப் போடுங்கள். ஒரு முனை படகுத்துறைக் கம்பம், மறு முனை அருகிலேயே ஒரு மிதவை. கோட்டுக்கு நேராகச் செல்போனை நிறுத்தி வீடியோ எடுப்பதும் நல்லது. குறித்துக்கொள்ளப் பேனா வேண்டாம், பென்சில். ஈரத்தாளிலும் எழுதும்.

திருத்திய நேரம் போடுவது

எடுத்துக்காட்டுக்கு ஐந்து படகுகள். எண்கள் ஆண்டுதோறும் திருத்தப்படுவதால், இங்கே கணக்குக்காகச் சற்று முழுமையாக்கி எடுத்திருக்கிறேன். குறிஞ்சி என்பது எண்டர்பிரைஸ் வகை, எண் 1120. மின்னல் ஒரு லேசர், 1100. சோலை ஒரு மிரர், 1390. பூம்பாறை, மன்னவனூர் இரண்டும் சிறுவர்கள் ஓட்டும் ஆப்டிமிஸ்ட், 1630. முழு நொடிக்கு முழுமையாக்குவது என்று தாளில் எழுதியிருக்கிறோம்.

முதல் ஓட்டம் முடிந்தது.

குறிஞ்சி: 27 நிமிடம் 40 நொடி, அதாவது 1660 நொடி. திருத்தினால் 1482.14, முழுமையாக்கினால் 1482.
மின்னல்: 27 நிமிடம் 30 நொடி, 1650 நொடி. திருத்தினால் 1500.
சோலை: 34 நிமிடம் 45 நொடி, 2085 நொடி. திருத்தினால் 1500.
பூம்பாறை: 40 நிமிடம் 46 நொடி, 2446 நொடி. திருத்தினால் 1500.61, முழுமையாக்கினால் 1501.
மன்னவனூர்: 40 நிமிடம் 47 நொடி, 2447 நொடி. திருத்தினால் 1501.23, முழுமையாக்கினால் 1501.

இரண்டு சமநிலைகள் இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு ரகம்.

மின்னலுக்கும் சோலைக்கும் இடையே ஏழே கால் நிமிடம். மின்னலின் ஆள் பாயை இறக்கிவிட்டுச் சுக்குக் காபி குடித்துக்கொண்டிருக்கும்போதுதான் சோலை கோட்டைக் கடக்கிறது. ஆனாலும் அது நேர்மையான சமநிலை. தசமத்தை எத்தனை இடம் நீட்டினாலும் 1500தான்.

பூம்பாறையும் மன்னவனூரும் அப்படியில்லை. ஒரே வகைப் படகு, ஒரே எண். பூம்பாறை ஒரு நொடி முன்னால் வந்ததைக் கரையில் நின்ற அத்தனை பேரும் பார்த்தார்கள். தாளில் அந்த முன்னிலை காணாமல் போய்விட்டது. எப்படி? எண் 1630 என்றால் தண்ணீரில் ஒரு நொடி, திருத்திய கணக்கில் 0.61 நொடிதான். அப்படிப்பட்ட இரண்டு நேரங்கள் ஒரே முழு நொடிக்குள் அடங்கிவிட வாய்ப்புண்டு. ஒரு நொடி இடைவெளியில் வரும் இரண்டு ஆப்டிமிஸ்டுகளுக்கு, ஏறத்தாழ ஐந்தில் இரண்டு முறை இப்படி நடக்கும். எண் 1000க்குக் கீழே உள்ள ஃபயர்பால் போன்ற வேகப் படகுகளுக்கு இது நடக்கவே நடக்காது. அங்கே ஒரு நொடி திருத்தத்தில் ஒரு நொடியைவிடப் பெரிதாகிறது.

பூம்பாறையை ஓட்டிய சிறுவன் வந்து, “சார், நான்தானே முன்னால் வந்தேன்?” என்று கேட்பான். முழு நொடி என்று தாளில் எழுதியிருந்தால் பதில் ஒன்றுதான்: சமநிலை. அவன் கேட்பது நியாயம் என்பதற்காக அன்றைக்கு மட்டும் தசமத்தைப் பார்க்கக் கூடாது. அடுத்த தொடரின் தாளில் ஒரு தசம இடம் வரை என்று எழுதிவிடுங்கள். 1500.6, 1501.2 என்று தனித்தனியாகப் பிரியும். வெவ்வேறு வகைப் படகுகள் மட்டும் ஓடினால் முழு நொடியே போதும், கடிகாரத்தை அழுத்தும் விரலுக்கு அதற்கு மேல் துல்லியம் கிடையாது. ஒரே வகையில் இரண்டு மெதுவான படகுகள் இருந்தால் தசமம் வேண்டும் என்பது என் கட்சி.

காற்று செத்துப்போய் மெதுவான படகுகளை ஒரு சுற்று குறைத்து முடிக்கச் சொல்லும் வழக்கமும் உண்டு. அப்போது ஓடிய நேரத்தை, அதிகபட்சச் சுற்றுகளால் பெருக்கி, அந்தப் படகு ஓடிய சுற்றுகளால் வகுத்து, பிறகு திருத்த வேண்டும். மூன்று சுற்றுப் போட்டியில் இரண்டே சுற்று ஓடிய படகுக்கு நேரம் ஒன்றரை மடங்காகும். கடிகாரத்தில் விட்ட ஒரு நொடியும் ஒன்றரை நொடியாக வளர்ந்து நிற்கும். நடுவில் எங்கேயும் முழுமையாக்காமல் கடைசியில் ஒரே ஒரு முறை முழுமையாக்குங்கள்.

ஓட்டத்தில் சமநிலை: பங்கிடுங்கள்

விதி ஏ7 சொல்வது எளிது. சமநிலையில் இருக்கும் படகுகள் பிடித்த இடத்தின் புள்ளியையும், அதற்கு அடுத்தாற்போல் அவை நிரப்பும் இடங்களின் புள்ளிகளையும் கூட்டிச் சமமாகப் பிரிக்க வேண்டும். மின்னலும் சோலையும் இரண்டு, மூன்றாம் இடங்களை நிரப்புகின்றன. 2ஐயும் 3ஐயும் கூட்டி இரண்டால் வகுத்தால் ஆளுக்கு 2.5. பூம்பாறைக்கும் மன்னவனூருக்கும் ஆளுக்கு 4.5. குறிஞ்சிக்கு 1. இரண்டாமிடத்தில் மூன்று படகுகள் மோதியிருந்தால் 2, 3, 4 கூட்டி ஆளுக்கு 3.

இரண்டு பேருக்கும் 2 கொடுத்து அடுத்தவருக்கு 4 கொடுப்பது பள்ளித் தரவரிசைப் பழக்கம். இரண்டு பேருக்கும் 2 கொடுத்து அடுத்தவருக்கு 3 கொடுப்பது தாராள மனசு. இரண்டுமே இங்கே செல்லாது. சரிபார்க்க ஒரு வழி: எல்லாப் படகும் முடித்திருந்தால் புள்ளிகளின் கூட்டுத்தொகை மாறவே மாறாது. ஐந்து படகுக்கு 15. மேலே கூட்டிப் பாருங்கள்: 1, 2.5, 2.5, 4.5, 4.5. வந்துவிட்டது.

அந்த ஓட்டத்துக்கென்று பரிசு வைத்திருந்தால் இருவரும் பகிர வேண்டும், அல்லது இருவருக்கும் சமமான பரிசு தர வேண்டும். நாணயம் சுண்டக் கூடாது. தண்ணீரில் முதலில் வந்தவர் என்று மின்னலுக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது.

முடிவுக்கோட்டிலேயே இரண்டு படகுகள் பிரிக்க முடியாதபடி வந்தாலும் இதே பங்கீடுதான். ஹேண்டிகேப் போட்டியில் அது ஒரே எண் உள்ள படகுகளுக்கு மட்டுமே பொருட்டு. வீடியோவைப் பார்த்தும் தெரியவில்லையென்றால் தயங்காமல் சமநிலை என்று எழுதுங்கள்.

தகுதிநீக்கமும் அபராதமும்

விசாரணையில் குறிஞ்சி தகுதிநீக்கம் பெற்றது என்று வைப்போம். பின்னால் இருந்த எல்லாப் படகும் ஓரிடம் மேலே வரும். மின்னலும் சோலையும் இப்போது முதல் இரண்டு இடங்களைப் பங்கிட்டு ஆளுக்கு 1.5. சிறுவர்கள் ஆளுக்கு 3.5. குறிஞ்சிக்குத் தொடரில் பதிவான படகுகளின் எண்ணிக்கையோடு ஒன்று கூட்டி 6. இங்கே அவசரப்பட்டுப் பழைய 2.5லிருந்து ஒன்றைக் கழிக்காதீர்கள். விடை இந்த முறை பொருந்திவிடும். ஆனால் தகுதிநீக்கமான படகே சமநிலையில் ஒன்றாக இருந்தால் பொருந்தாது. இடங்களை முதலிலிருந்து அடுக்கிப் புதிதாகப் பங்கிடுவதே பாதுகாப்பு.

புள்ளி அபராதம் வேறு. அபராதம் ஏற்ற படகின் புள்ளி மட்டும் கூடும், மற்றவர்களுடையது அசையாது. அதனால் இரண்டாமிடத்துப் படகு அபராதத்தோடு 3 புள்ளிக்கு வந்து, ஏற்கெனவே 3 வைத்திருக்கும் படகோடு ஒன்றாக நிற்கலாம். அது சமநிலை அல்ல. கூட்டி வகுக்கக் கூடாது. இருவருக்கும் 3, அவ்வளவுதான். தவறான முடிவால் பாதிக்கப்பட்ட படகுக்கு ஈடாகத் தரும் சராசரிப் புள்ளிக்கும் இதே கதை.

தொடரில் சமநிலை: உடையுங்கள்

இனி முழுத் தொடர். குறிஞ்சியின் தகுதிநீக்கத்தை மறந்துவிடுங்கள். ஐந்து ஓட்டங்கள், ஒரு கழிவு. முன்னணிப் படகுகள் மூன்றின் புள்ளிகள், ஓட்ட வரிசையில்:

குறிஞ்சி: 1, 2, 3, 1, 3
மின்னல்: 2.5, 1, 2, 6, 1.5
சோலை: 2.5, 3, 1, 2, 1.5

நாலாவது ஓட்டத்தில் மின்னல் முடிக்கவில்லை, அதனால் 6. ஐந்தாவதில் மின்னலும் சோலையும் முதலிடத்தில் மீண்டும் மோதி ஆளுக்கு 1.5.

கழிவைப் போடுவோம். குறிஞ்சிக்கு 3 இரண்டு முறை இருக்கிறது. இரண்டு மோசமான புள்ளிகள் ஒன்றாக இருந்தால் முந்தைய ஓட்டத்தினுடையது கழியும், ஆகவே மூன்றாம் ஓட்டம் போகிறது. மீதி 7. மின்னலுக்கு 6 போய் மீதி 7. சோலைக்கு 3 போய் மீதி 7. மூன்றும் சமம்.

இப்போது விதி ஏ8.1. கழித்தவற்றை விட்டுவிட்டு, ஒவ்வொருவரின் மீதிப் புள்ளிகளையும் நல்லதிலிருந்து மோசம் வரை அடுக்குங்கள்.

குறிஞ்சி: 1, 1, 2, 3
மின்னல்: 1, 1.5, 2, 2.5
சோலை: 1, 1.5, 2, 2.5

இடமிருந்து வலமாக ஒப்பிடுங்கள். முதல் எண் எல்லோருக்கும் 1. இரண்டாவதில் குறிஞ்சிக்கு 1, மற்றவர்களுக்கு 1.5. அந்த இடத்திலேயே குறிஞ்சி தொடரை வென்றுவிட்டது. அதன் கடைசி எண் 3 என்று யாரும் பின்னால் போய்ப் பார்க்கக் கூடாது. வித்தியாசம் தெரிந்த முதல் இடத்தோடு ஒப்பீடு முடிந்தது.

மின்னலும் சோலையும் அச்சாக ஒன்றாக இருக்கின்றன. அப்போது ஏ8.2. கடைசி ஓட்டத்தின் புள்ளியைப் பாருங்கள்: இருவருக்கும் 1.5, பிரியவில்லை. அதற்கு முந்தைய ஓட்டம்: சோலைக்கு 2, மின்னலுக்கு 6. சோலை இரண்டாமிடம், மின்னல் மூன்றாமிடம்.

மின்னல்காரர் கொதிப்பார். அந்த 6ஐத்தான் கழித்துவிட்டீர்களே, மறுபடி ஏன் தோண்டுகிறீர்கள் என்பார். விதி தெளிவாகச் சொல்கிறது: ஏ8.1இல் கழித்த புள்ளியைப் பயன்படுத்தக் கூடாது, ஏ8.2இல் கழித்திருந்தாலும் பயன்படுத்த வேண்டும். இந்த ஒரு வித்தியாசத்தைத் தாளில் கொட்டை எழுத்தில் போடுவது நல்லது. நேருக்கு நேர் யார் யாரை எத்தனை முறை வென்றார்கள் என்ற வாதத்துக்கு இங்கே இடமே இல்லை. கேட்க நியாயமாகத் தோன்றும், ஆனால் விதியில் கிடையாது.

கணினியில் போடுகிறவர்களுக்கு

எக்செல் தாளில் 27:30 என்று தட்டினால் அது 27 மணி 30 நிமிடம் என்று எடுத்துக்கொள்ளும். 0:27:30 என்று தட்டுங்கள், அல்லது நொடியாகவே போடுங்கள். அடுத்து, கட்டத்தில் தசமத்தை மறைப்பதும் முழுமையாக்குவதும் ஒன்றல்ல. திரையில் இருவருக்கும் 1501 என்று தெரியும், உள்ளே 1500.61உம் 1501.23உம் உட்கார்ந்திருக்கும். தரவரிசை உள்ளே இருப்பதைப் பார்த்துத்தான் போடப்படும். முழுமையாக்கும் சூத்திரத்தைப் போட்ட பிறகே வரிசைப்படுத்துங்கள். தரவரிசைக்கு இரண்டு சூத்திரங்கள் உண்டு. சமநிலையில் சராசரி இடத்தைத் தருவதுதான் நமக்கு வேண்டியது.

கணக்கே பிடிக்காத குழுவுக்கு ஒரு மாற்று வழி: மெதுவான படகை முதலில் கிளப்பி, வேகமான படகுகளை எண்ணுக்கேற்பத் தாமதமாக விடுவது. ஆப்டிமிஸ்ட் 40 நிமிடம் ஓடும் போட்டியில் லேசர் 13 நிமிடம் கழித்துக் கிளம்பும். 40 நிமிடம் முடிந்து ஒலி கேட்கும்போது முன்னால் இருப்பவர் வென்றவர். கண்ணெதிரே தெரிவதால் சிறுவர்களுக்கு மிகவும் பிடிக்கும். சமநிலை வந்தால் அது கண்ணுக்குத் தெரிந்த சமநிலையாகவே இருக்கும், பங்கீடு அதே ஏ7தான். தொடருக்கு வந்தால் ஏ8இலிருந்து இங்கேயும் தப்ப முடியாது.

முடிவுத்தாளை ஒட்டும்போது ஒட்டிய நேரத்தையும் குறிப்பிடுங்கள். பக்கத்திலேயே ஓடிய நேரம், படகின் எண், திருத்திய நேரம் மூன்றையும் போடுங்கள், வெறும் புள்ளியை மட்டும் போட வேண்டாம். கேள்வி கேட்க வருகிறவர் தாமே வகுத்துப் பார்த்துக்கொள்வார். பென்சிலில் எழுதிய மூலத்தாளைப் பரிசு கொடுத்து முடியும்வரை யார் கையிலும் கொடுக்காதீர்கள்.